வளவு வெயிலிலிருந்து அறைக்குள் போனால் கண் ஏன் இருட்டுகிறது?

கேள்வி: எனக்கு வயது 64. கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டில் நானும் துணைக்கு ஒரு பெண்ணும்தான் இருக்கிறோம். மத்தியானம் வளவு முற்றத்தில் வற்றலைக் காயப்போட்டுவிட்டு, சாமான் எடுக்க ஓரத்து அறைக்குள் போனால் ஒன்றுமே தெரிவதில்லை. முன்பெல்லாம் நின்று இரண்டு மூச்சு விட்டால் பாத்திரம் பண்டம் தெரிய ஆரம்பித்துவிடும். இப்போது வெகு நேரமாகிறது. போன மாதம் நிலைப்படி தடுக்கி விழப் பார்த்தேன். அறையிலிருந்து வெளியே வரும்போது மட்டும் கொஞ்சம் கூசி உடனே சரியாகிவிடுகிறது. அது ஏன்? பக்கத்து வீட்டில் ‘மாலைக்கண்’ என்கிறார்கள், காரட் சாப்பிடச் சொல்கிறார்கள். காலேஜில் படிக்கும் பேத்தி, ‘கண்ணுக்குள்ள நரம்பு வெளிச்சத்துக்குப் பழகணும் அப்பத்தா’ என்கிறாள். சர்க்கரை 11 வருஷமாக இருக்கிறது. இரண்டு மாதம் முன்பு வலது கண்ணில் புரை ஆபரேஷன் ஆனது. அந்தக் கண்ணால் பார்த்தால் வெள்ளைச் சுவர் நீலம் போட்ட வேட்டி மாதிரி இருக்கிறது. சாயங்காலமானால் செம்பருத்திப் பூ கறுப்பாகத் தெரிகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு ஒருதரம் காட்டப் போனபோது ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு ‘எல்லாம் வயசுதான்’ என்று அனுப்பிவிட்டார்கள். எதற்கு எது காரணம்?

பதில்: ஆச்சி, முதலில் உங்கள் பேத்திக்கு ஒரு சபாஷ். அவள் சொன்னது சரி. ஆனால் அது பாதிதான். ‘பழகுவது’ என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் கண்ணுக்குள் நாலைந்து பேர் தனித்தனியாகப் பழகுகிறார்கள். ஒருவருக்கு ஒரு நொடி போதும், இன்னொருவருக்கு அரை மணி வேண்டும். உங்கள் கண்ணில் தாமதம் செய்வது யார் என்பதுதான் கேள்வி. ‘வயசுதான்’ என்ற பதில் தப்பில்லை, ஆனால் சர்க்கரை உள்ளவரிடம் விழித்திரையைப் பார்க்காமல் அதைச் சொல்லக்கூடாது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

வேலை எவ்வளவு பெரியது என்று பாருங்கள். சித்திரை மாதத்து உச்சி வெயிலில் உங்கள் வளவு முற்றத்தில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). கனத்த கதவும் சின்ன சன்னலுமாக இருக்கும் ஓரத்து அறையில் இரண்டு மூன்று லக்ஸ் தேறினால் அதிகம். நிலைப்படியைத் தாண்டி வைக்கும் நாலு எட்டில் வெளிச்சம் முப்பதாயிரத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. கண்ணுக்கு இது லேசான வேலை இல்லை.

கருவிழியின் நடுவில் வெளிச்சம் நுழையும் துவாரமான பாப்பா விரிந்துகொடுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது செய்யும் உதவி கொஞ்சம்தான். சின்ன வயதில் 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர்வரை விரியும். பரப்பில் கணக்கிட்டால் 16 மடங்கு வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும், அவ்வளவுதான். நம் வயதில் அது 5 மில்லிமீட்டருக்கு மேல் விரிவதே அபூர்வம். முப்பதாயிரத்துக்கு முன்னால் பதினாறு எந்த மூலைக்கு? மிச்சத்தை விழித்திரைதான் சமாளித்தாக வேண்டும்.

விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய நரம்புப் படலம். அதில் வெளிச்சத்தை வாங்கும் செல்கள் இரண்டு வகை. நிறத்துக்கும் நுணுக்கத்துக்கும் கூம்புச் செல்கள், சுமார் 60 லட்சம். மங்கலுக்குக் குச்சிச் செல்கள், சுமார் 12 கோடி. இவை வெளிச்சம் பட்டால் குரல் கொடுக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. இருட்டில் இவை அடுத்த செல்லிடம் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கின்றன, வெளிச்சம் பட்டதும் குரலைத் தாழ்த்துகின்றன. மருத்துவக் கல்லூரியில் இதை முதலில் கேட்டபோது வாத்தியார் தவறாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

பழக்கத்தின் முதல் படி இந்தச் செல்லுக்குள்ளேயே நடக்கிறது. வெளிச்சம் வந்ததும் செல்லின் சுவரில் உள்ள வாசல்கள் மூடுகின்றன, உள்ளே கால்சியம் குறைகிறது. அந்தக் குறைவுதான் ‘போதும், இனி இவ்வளவு கூர்மையாக இருக்காதே’ என்று செல்லுக்குக் கிடைக்கும் தகவல். ரேடியோ அலறினால் நாம் எழுந்துபோய்க் குறைப்போம், இங்கே ரேடியோவே தன்னைக் குறைத்துக்கொள்கிறது. இதற்கு நொடிக்கணக்கில்தான் நேரம். அறையிலிருந்து வெளியே வந்தால் கூசி உடனே சரியாகிறது என்று எழுதினீர்களே, அதற்கு இதுதான் முக்கியக் காரணம். குறைப்பது சுலபம். கூட்டுவதுதான் கஷ்டம்.

ஏன் கஷ்டம் என்பதற்கு நம் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையை உதாரணம் சொல்லலாம். குச்சிச் செல்லுக்குள் ரோடாப்சின் என்று சிவந்த ஊதா நிறத்தில் ஒரு சாயம் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அது வெளுக்கும். ஒரு தவளையின் விழித்திரை வெளிச்சத்தில் வைத்ததும் கண்ணெதிரே நிறம் மங்குவதை 1876-இல் ஃபிரான்ஸ் போல் என்பவர் கண்டு சொன்னார். நல்ல வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாலே குச்சிகளின் சாயம் பெரும்பாலும் போய்விடும். வெளுத்த நூலை மறுபடி தோய்த்தால்தான் அந்தச் செல் மங்கலில் வேலை செய்யும். ஆனால் தோய்க்கும் பட்டறை அந்தச் செல்லுக்குள் இல்லை. பின்னால் ஒட்டியிருக்கும் நிறமிப் படலத்தில் இருக்கிறது. வெளுத்த சரக்கு அங்கே போய், வைட்டமின் ஏ-யின் தயவில் புதுசாகி, திரும்பி வர வேண்டும். முழுக்க வெளுத்த குச்சிச் சாயம் பாதி திரும்பவே ஐந்து நிமிடம் போல ஆகும். கூம்புச் செல்களின் சாயம் இதைவிடச் சீக்கிரம் திரும்பும்.

அதனால் முழு இருட்டுக்குள் போனால் கண் இரண்டு தவணையாகத் தெளிகிறது. முதல் எட்டுப் பத்து நிமிடத்தில் கூம்புகள் தங்களால் முடிந்ததைக் காட்டிவிட்டு நின்றுவிடும். அதற்குப் பிறகுதான் குச்சிகள் முந்தும். அவை முழுக்கத் தெளிய முப்பது, நாற்பது நிமிடம்கூட ஆகும். இது நல்ல கண் உள்ள இளவட்டத்துக்குச் சொல்லும் கணக்கு. வயதாக ஆக, பட்டறைக்கும் செல்லுக்கும் நடுவே உள்ள பாதையில் படிவு சேர்கிறது, சரக்குப் போக்குவரத்து மெதுவாகிறது. இருபது வயதுக்காரரைவிட எழுபது வயதுக்காரருக்குப் பத்து நிமிடம் அளவுக்குக் கூடுதலாக ஆகலாம். உங்கள் தாமதத்தில் ஒரு பங்கு இதுதான் என்று நினைக்கிறேன்.

இது மூளையின் வேலை இல்லை, ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாகச் செய்வது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வளவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இடது கண்ணை உள்ளங்கையால் நன்றாகப் பொத்திக்கொண்டு பத்து நிமிடம் இருங்கள். அப்புறம் துணைக்கு இருக்கும் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போய் உட்கார்ந்து, இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். பொத்திவைத்த கண்ணுக்கு அடுக்குப்பானை தெரியும், வெயில் பார்த்த கண்ணுக்குக் கறுப்புத்தான். ஒற்றைக் கண்ணோடு தனியாக நிலைப்படி தாண்ட மட்டும் கூடாது. படியின் ஆழம் தெரியாது.

இனி உங்கள் பேத்தி சொன்ன நரம்புக்கு வருவோம். குச்சி, கூம்புகளுக்கு அடுத்த அடுக்கில் இருக்கும் நரம்புச் செல்களுக்கு வெளிச்சத்தின் மொத்த அளவு பெரிய விஷயமில்லை. பக்கத்துக்குப் பக்கம் என்ன வித்தியாசம் என்பதுதான் வேண்டும். குறுக்கே ஓடும் சில செல்கள் அக்கம்பக்கத்து வெளிச்சத்தின் சராசரியை எடுத்து, அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் அனுப்புகின்றன. அதனால்தான் வெயிலில் பார்த்தாலும் திண்ணை நிழலில் பார்த்தாலும் உங்கள் சேலையின் கரை கரையாகவே தெரிகிறது. வேறு சில செல்கள் வெளிச்சம் நீடிக்கும்போது டோப்பமின் என்ற ரசாயனத்தை விட்டு, விழித்திரை முழுவதையும் பகல் முறைக்கு மாற்றுகின்றன. இருட்டினால் அது குறைகிறது, செல்களுக்கு நடுவே உள்ள இணைப்புகள் மாறுகின்றன.

கடைசி அடுக்கில், மூளைக்குக் கம்பி இழுத்திருக்கும் கேங்லியான் செல்கள். ஒரு கண்ணுக்குச் சுமார் 10 லட்சம். இவையும் சும்மா இருப்பதில்லை. 1997-இல் மார்க்கஸ் மைஸ்டர் என்ற விஞ்ஞானியின் குழுவினர் சாலமாண்டர் (பல்லி மாதிரி இருக்கும், தவளை இனத்துக்கு உறவான உயிரி), முயல் ஆகியவற்றின் விழித்திரைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சராசரி வெளிச்சத்தை மாற்றாமல், அதன் ஏற்ற இறக்கத்தை மட்டும் கூட்டிக் குறைத்தார்கள். ஏற்ற இறக்கம் கூடியதும் கேங்லியான் செல்கள் படபடவென்று துடித்துவிட்டு, அதே நிலை நீடித்தால் அடங்கின. அதாவது இந்தச் செல்கள் எவ்வளவு வெளிச்சம் என்பதற்கு மட்டுமல்லாமல், வெளிச்சம் எவ்வளவு மாறிக்கொண்டிருக்கிறது என்பதற்கும் பழகுகின்றன. மாறாமல் இருப்பதைப் பற்றி மூளைக்குத் தகவல் அனுப்புவது வீண் என்று அவை நினைக்கின்றன போலும்.

இதன் விசித்திரமான விளைவு ஒன்றை நீங்கள் எங்களைப் போன்ற கண் டாக்டர்களிடம் பரிசோதனைக்கு வந்தபோது பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குள் லைட் அடித்து மெல்ல ஆட்டும்போது, எதிரே இலை உதிர்ந்த மரக்கிளை மாதிரி ஒன்று தெரியும். அது உங்கள் கண்ணின் சொந்த ரத்தக் குழாய்களின் நிழல். பிறந்ததிலிருந்து விழித்திரையில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் எப்போதும் ஒரே இடத்தில் விழுவதால் செல்கள் அதற்குப் பழகி, சொல்லாமல் விட்டுவிட்டன. நாங்கள் லைட்டை ஆட்டினால் நிழல் இடம் மாறுகிறது, உடனே கண்ணில் படுகிறது.

பிள்ளையார்பட்டிக்கு மத்தியான வெயிலில் போன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். வெளிப்பிராகாரத்துக் கருங்கல் சுட்டுத் தீய்க்கும். உள்ளே மலையைக் குடைந்த கோயில். சன்னதிக்கு முன்னால் நிற்கும்போது எனக்கு விளக்குச் சுடர் மட்டும்தான் தெரியும். கற்பக விநாயகரின் உருவம் மெல்லத் துலங்கி வரும் நேரத்தில் ‘நகருங்க, நகருங்க’ என்று வரிசை தள்ளிவிடும். கண் டாக்டராக இருந்து என்ன பிரயோசனம்?

சரி, காரட் விஷயம். மாலைக்கண் என்று நாம் சொல்வது பெரும்பாலும் வைட்டமின் ஏ பற்றாக்குறையால் வருவது. பட்டறைக்குச் சாயமே வந்து சேராத நிலை. நம் நாட்டில் ஒரு காலத்தில் குழந்தைகளிடம் நிறைய இருந்தது. அதனால்தான் 1970-இலேயே குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ மருந்து கொடுக்கும் அரசுத் திட்டம் தொடங்கியது. முருங்கைக்கீரையும் முட்டையும் பாலும் சாப்பிடும் உங்களுக்கு அது குறைந்திருக்க வாய்ப்புக் கம்மி. கல்லீரல் கோளாறோ, குடலில் சத்து உறிஞ்சாத கோளாறோ இருந்தால் வேறு பேச்சு. காரட் சாப்பிடுங்கள், நல்லதுதான், ஆனால் இந்தத் தாமதம் அதனால் போய்விடாது. கடையில் தானாக வைட்டமின் ஏ மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். அது உடம்பில் சேர்ந்துகொண்டே போய்க் கல்லீரலைக் கெடுக்கும்.

சுவர் நீலமாகத் தெரிவதற்குக் கவலை வேண்டாம். பல வருஷமாக மஞ்சளித்துப்போன உங்கள் சொந்த லென்ஸ் நீல வெளிச்சத்தைத் தடுத்துக்கொண்டிருந்தது. உங்கள் கண்ணும் மூளையும் அந்த மஞ்சளையே வெள்ளை என்று வைத்துக்கொண்டுவிட்டன. இப்போது வலது கண்ணில் தெளிவான லென்ஸ். பழைய கணக்கை மாற்றி எழுத வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். நிமிடக் கணக்கில் பழகுவதும் உண்டு, மாதக் கணக்கில் பழகுவதும் உண்டு என்பதற்கு இது நல்ல சாட்சி. இடது கண்ணில் புரை இருந்தால் அந்தக் கண்ணுக்குள் வெளிச்சம் குறைவாகத்தான் போகும். அறைக்குள் தெரியாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

செம்பருத்தியும் நோயில்லை. அந்தி மங்கும்போது கூம்புகள் ஓய்ந்து குச்சிகள் பொறுப்பேற்கும். குச்சிகளுக்குச் சிவப்பு ஏறக்குறைய தெரியாது, பச்சையும் நீலமும் நன்றாகத் தெரியும். அதனால் பூ கறுத்து, இலை வெளிறித் தெரியும். 1825-இல் புர்கின்யே என்ற செக் நாட்டு அறிஞர் இதை எழுதிவைத்தார். உங்கள் பேத்தியையும் பக்கத்தில் நிறுத்திக் கேளுங்கள், அவளுக்கும் அப்படித்தான் தெரியும்.

இப்போது எனக்கு உண்மையில் கவலை தரும் விஷயம். சர்க்கரை 11 வருஷம், புரை ஆபரேஷன் இரண்டு மாதம். சர்க்கரையால் விழித்திரை கெடும்போது ஆரம்பத்தில் பார்வை குறையாது. இருட்டுக்குப் பழகும் நேரம் நீள்வதுதான் சிலருக்கு முன்னதாகத் தெரியும். ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரங்களில் விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோர்ப்பதும் உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதற்கு வாய்ப்பு அதிகம். விழித்திரையின் நடுப்பகுதியில் வயதால் வரும் கோளாறிலும் முதல் அறிகுறி இந்த இருட்டுத் தாமதமாக இருக்கலாம். ஆகவே பாப்பாவை விரியவைக்கும் சொட்டு மருந்து போட்டு, இரண்டு கண்ணின் திரையையும் முழுசாகப் பார்க்க வேண்டும். இந்த மாதத்துக்குள். கண் அழுத்தத்துக்கு ஏதாவது சொட்டு மருந்து போடுகிறீர்கள் என்றால் பாட்டிலையும் கொண்டுவாருங்கள். சில பழைய மருந்துகள் பாப்பாவைச் சுருக்கிவிடும்.

அதுவரை வீட்டில் ஒரு சோதனை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கற்கள் சேரும் நேர்கோடுகள் இருக்குமே, நல்ல வெளிச்சத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் அந்தக் கோடுகளைப் பாருங்கள். பிறகு மாற்றிப் பாருங்கள். கோடு நெளிந்தாலோ, நடுவில் ஒரு இடம் அழிந்த மாதிரி இருந்தாலோ இந்த மாதத்துக்குள் என்று நான் சொன்னதை மறந்துவிட்டு, அன்றைக்கே கிளம்பி எந்தக் கண் மருத்துவமனைக்காவது போங்கள்.

விழாமல் இருக்க வழி: நிலைப்படியின் விளிம்பில் விரல் அகலத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்துவிடுங்கள். வித்தியாசத்தைத்தான் அந்த நரம்புகள் கேட்கின்றன, நாமே கொடுத்துவிடுவோம். அறைக்குள் ஒரு சின்ன மஞ்சள் பல்பு பகலிலும் எரியட்டும், கரண்டு பில் பற்றி யோசிக்காதீர்கள். வளவு வெயிலில் நிற்கும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டால் சாயம் அவ்வளவு வெளுக்காது. உள்ளே வந்ததும் கழற்றிவிடுங்கள். போன் டார்ச்சை முகத்துக்கு நேரே அடிக்காமல் தரையைப் பார்த்து அடியுங்கள். இருட்டில் எதையாவது தேடும்போது நேராக முறைக்காமல் கொஞ்சம் ஓரமாகப் பாருங்கள். பார்வையின் நட்டநடு மையத்தில் குச்சிகளே கிடையாது.

ஒரு தாளில், ஐந்து நாளைக்கு, அறைக்குள் போன நேரத்தையும் முதல் பாத்திரம் தெரிந்த நேரத்தையும் குறித்துவையுங்கள். ‘வெகு நேரம்’ என்பது இரண்டு நிமிடமா, பதினைந்து நிமிடமா என்று எனக்குத் தெரிய வேண்டும். சொட்டு மருந்து போட்டால் நாலைந்து மணி நேரம் கண் கூசும், அதனால் தனியாக வராமல் பேத்தியைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே வந்துவிடுங்கள். ஆச்சி, வற்றலை அன்றைக்கு அந்தப் பெண் பார்த்துக்கொள்ளட்டும்.